மனுவின் பின்பக்கம்: அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பாட்டியின் குடியுரிமையைத் தேடிய கதை

பின்னணி

நியூயார்க்கில் ஒரு பொது நூலகத்தில், குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு உதவும் மேசையில் சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் உட்காருகிறேன். சம்பளமில்லாத வேலை. 2021 அக்டோபரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். வயது அறுபத்தைந்து. அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மேயோ கவுண்டியில் பிறந்து, இளவயதில் தனியாக நியூயார்க் வந்தவர். மன்ஹாட்டனில் ஒரு வசதியான வீட்டில் வேலைக்காரியாக இருந்து, 1919-இல் தன் நாட்டுக்காரர் ஒருவரையே மணந்து, புரூக்ளினில் நான்கு பிள்ளைகளை வளர்த்து, 1971-இல் இறந்தார்.

ஆசிரியைக்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. ஒன்று, அயர்லாந்தின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் தன் பெயரைச் சேர்ப்பது. தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் பேரப்பிள்ளைகள் அந்தப் பதிவேட்டில் பதிந்து அயர்லாந்துக் குடியுரிமை பெறலாம். இரண்டாவது, பாட்டி எப்போது அமெரிக்கக் குடிமகள் ஆனார் என்பது. இந்த இரண்டையும் அவர் ஒன்றாகவே நினைத்திருந்தார். பாட்டி அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நாளோடு தன் உரிமை போய்விட்டதோ என்பது அவருடைய பயம். இத்தாலிய வம்சாவளிக்காரத் தோழி ஒருத்தி, பிள்ளை பிறக்கும் முன்பே தாத்தா அமெரிக்கர் ஆகிவிட்டால் வழி அறுந்தது என்று சொல்லியிருந்தாளாம். அது இத்தாலிய விதி. அயர்லாந்துக்குப் பாட்டி அங்கே பிறந்தார் என்பதுதான் கணக்கு, பிறகு எந்த நாட்டுக் காகிதம் வாங்கினார் என்பது அல்ல. முதல் நாளே இதைச் சொல்லி இரண்டு கேள்விகளையும் பிரித்து வைத்தோம். பிரித்தது சரிதான். ஆனால் ஒன்றில் செய்த தவறு இன்னொன்றுக்குள் எப்படி நுழைந்தது என்பதே இந்தக் குறிப்பு. குடும்பத்தின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

உறைக்குள் இருந்தவை

பாட்டியின் இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழின் நகல், தாத்தாவின் குடியுரிமை மனுவின் முதல் பக்கத்தை இணையத்திலிருந்து அச்செடுத்த தாள், ஆசிரியை தன் அத்தையிடம் பேசி எழுதிவைத்த இரண்டு பக்கக் குறிப்பு. பாட்டியின் சொந்தக் குடியுரிமைக் காகிதம் எதுவும் இல்லை.

இறப்புச் சான்றிதழில் பிறந்த நாள் 1895 பிப்ரவரி 1. அது புனித பிரிஜிட் திருநாள். பிரிஜிட் என்று ஞானஸ்நானம் பெற்ற பெண்ணுக்கு அதே நாளில் பிறந்தநாள் என்றால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். பிறந்த தேதி நினைவில்லாத அயர்லாந்துக்காரர்கள் பக்கத்தில் இருக்கும் திருநாளைச் சொல்வது சகஜம். நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதியோடு வாழ்நாள் முழுவதும் காலம் தள்ளியவர்களை நினைத்துக்கொண்டால் இது புரியும். போதாக்குறைக்கு, அமெரிக்கக் காகிதங்களில் அவர் பெயர் டீலியா. பிரிஜிட் டீலியா ஆவதும் புதிதில்லை. அது பழைய செல்லப்பெயர்தான். அமெரிக்காவில் பிரிஜிட் என்றாலே வீட்டு வேலைக்காரி என்று கேலி ஓடியதால் பல பெண்கள் அந்தப் பெயரை மூட்டைகட்டி வைத்தார்கள்.

அத்தையின் குறிப்பில் பாட்டி டைட்டானிக்கில் வரவிருந்து தவறவிட்டார் என்று ஒரு வரி இருந்தது. இந்த மேசையில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 1912-இல் அயர்லாந்தை விட்டுக் கிளம்பிய எல்லோரும் தவறவிட்டிருக்கிறார்கள். மேயோக்காரர்கள் இதைச் சொல்வதில் நியாயமும் உண்டு. அடர்கூல் என்ற ஒரே பங்கிலிருந்து, அதாவது ஒரே கத்தோலிக்கக் கோயில் வட்டாரத்திலிருந்து, 14 பேர் அந்தக் கப்பலில் ஏறினார்கள், 11 பேர் திரும்பவில்லை. எப்படியோ, 1912 என்ற ஆண்டு இந்தக் கதையிலிருந்து கிடைத்தது.

அதே குறிப்பில் இன்னொரு வரி: "அம்மா தபால் ஆபீஸுக்குப் போய்விட்டு விரலெல்லாம் மையோடு வந்தாள், அழுதாள். சேமிப்புக் கணக்கு என்று நினைக்கிறேன்." அமெரிக்கத் தபால் நிலையங்களில் அப்போது சேமிப்பு வங்கி இருந்தது. அதனால் எனக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை. படித்துவிட்டுக் கடந்துவிட்டேன்.

முதல் முடிவு

1922-க்கு முன் அமெரிக்காவில் மனைவியின் குடியுரிமை கணவனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 1855 சட்டப்படி கணவன் குடிமகன் ஆன நொடியில் மனைவியும் குடிமகள். அவள் மனு போட வேண்டாம், சத்தியம் செய்ய வேண்டாம், அவள் பெயரில் தனிக் கோப்பும் இருக்காது. பெண்களுக்கு வாக்குரிமை வந்த பிறகு இது பொருந்தாமல் போயிற்று. ஓஹையோ பிரதிநிதி ஜான் கேபிள் கொண்டுவந்த சட்டம் 1922 செப்டம்பர் 22-இல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு கணவன் குடிமகன் ஆனால் மனைவி ஆகமாட்டாள், அவள் தனியாக மனுச் செய்ய வேண்டும். ஆக, இந்த மாதிரிக் குடும்பங்களில் எல்லாமே அந்த ஒரு தேதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் நிற்கிறது.

தாத்தா 1917-இல் முதல் காகிதம் போட்டிருந்தார். குடிமகனாக விரும்புகிறேன் என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிவிப்புக்கு அந்தக் காலத்து வழக்கில் அதுதான் பெயர். போட்டு இரண்டு ஆண்டு கழித்து, ஏழு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். உறைக்குள் இருந்த மனுவின் தேதி 1922 ஜூலை 11, கிங்ஸ் கவுண்டி, அதாவது புரூக்ளின். மனுவில் மனைவி பெயர், பிறந்த ஊர், இருந்த குழந்தையின் பெயர் எல்லாம் இருந்தன. ஜூலை செப்டம்பருக்கு முன்னால் வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் பார்த்தோம். 1920-இல் தாத்தாவுக்கு முதல் காகிதம் போட்டவர் என்ற குறி, பாட்டிக்கு வெளிநாட்டவர் என்ற குறி. 1925 நியூயார்க் மாநிலக் கணக்கெடுப்பில் இருவரும் குடிமக்கள், தாத்தாவின் பெயருக்கு எதிரே 1922 என்ற ஆண்டு. அந்தக் கணக்கெடுப்பு எப்போது, எந்த நீதிமன்றத்தில் குடியுரிமை பெற்றார் என்றும் கேட்டது, அதனால் தேடுகிறவர்களுக்கு அது பிரியமான ஆவணம். 1930, 1940 இரண்டிலும் இருவருக்கும் குடியுரிமை பெற்றவர் என்றே குறி.

மூன்று கணக்கெடுப்பும் ஒரே குரலில் சொல்கின்றன, மனுவும் ஜூலையில் இருக்கிறது. பாட்டி 1922-இல் கணவன் வழியாகக் குடிமகள் ஆனார், தனிக் காகிதம் கிடையாது, தேட வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். இரண்டாவது கேள்வியை மூடிவிட்டு அயர்லாந்துப் பக்கம் போனோம்.

அந்தப் பிழையின் விலை

அயர்லாந்துப் பதிவேட்டுக்குப் பாட்டியின் அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அவர் எந்த ஊர், அப்பா யார் என்று தெரிய வேண்டும். மேயோ என்று மட்டும் சொன்னால் போதாது, அவர் பெயரில் அங்கே டஜன் கணக்கில் பெண்கள் பிறந்திருக்கிறார்கள். ஊரைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி கப்பலின் பயணிகள் பட்டியல். 1907-க்குப் பிந்தைய பட்டியல்கள் இரண்டு பக்கம் விரியும். ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும், யாரிடம் போகிறார், பயணச் செலவு யார் கொடுத்தது, கையில் எத்தனை டாலர், உயரம், கண் நிறம், பலதார மணம் செய்தவரா, அராஜகவாதியா என்பதுவரை கேள்விகள். குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் குமாஸ்தாக்கள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்ற கதையை இங்கேயே ஒதுக்கிவிடலாம். பட்டியல் எழுதப்பட்டது கப்பல் கம்பெனியின் கையால், புறப்பட்ட துறைமுகத்தில். எல்லிஸ் தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

1911-க்கும் 1913-க்கும் இடையில் அதே பெயரில், ஒத்த வயதில், மேயோவிலிருந்து மூன்று பெண்கள் நியூயார்க்கில் இறங்கியிருந்தார்கள். ஒருத்தி தன் அண்ணனைத் தேடிப் பென்சில்வேனியா போகிறவள், அவளை விட்டுவிட்டோம். மீதி இருவர். அவர்களில் ஒருத்தியின் பெயருக்கு அருகே பிற்காலத்துக் கையெழுத்தில் ஒரு எண் வரிசையும் 1941 என்ற தேதியும் இருந்தன.

அந்தக் குறிப்பு என்னவென்று எனக்குத் தெரியும். 1906 ஜூன் 29-க்குப் பிறகு வந்தவர் குடியுரிமை கேட்டால், அவர் சட்டப்படி வந்திறங்கியதற்கு வருகைச் சான்றிதழ் வேண்டும். அதற்காகக் குமாஸ்தா பழைய பட்டியலைப் புரட்டி, ஆளைக் கண்டுபிடித்து, பெயருக்குப் பக்கத்தில் குடியுரிமை மாவட்ட எண், விண்ணப்ப எண், தேதி ஆகியவற்றைக் குறித்துவைப்பார். அப்படியானால் இந்தப் பெண் 1941-இல் குடியுரிமைக்கு முயன்றவள். நம் பாட்டியோ 1922-இலேயே குடிமகள். எனவே இவள் நம்முடையவள் அல்ல.

இப்படித்தான் நினைத்தேன். சொந்தக் கையால் சரியான ஆளை வெளியே அனுப்பிவிட்டு மிச்சமிருந்தவளைப் பிடித்தேன். அவளுடைய பிறப்புப் பதிவின் படமும் அயர்லாந்து அரசின் இலவச இணையதளத்தில் கிடைத்தது. ஆசிரியை 20 யூரோ கட்டி முழுச் சான்றிதழ் தருவித்தார். 1911 கணக்கெடுப்பில் அந்தக் குடும்பமும் அகப்பட்டது. எல்லாம் ஒழுங்காகப் பொருந்துவதுபோல் தெரிந்தது. மாதங்கள் ஓடிவிட்டன.

மை

2022 மே மாதம் விண்ணப்பத்தைக் கட்டி முடிக்கும் முன், ஒரு சம்பிரதாயத்துக்காக, அத்தையிடம் பாட்டியின் சகோதரர்கள் பெயரைக் கேட்கச் சொன்னேன். அத்தைக்கு 90 வயது, லாங் ஐலண்டில் இருக்கிறார். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினோம். மூன்று மாமாக்களின் பெயரைத் தயங்காமல் சொன்னார். நாங்கள் வைத்திருந்த குடும்பத்தில் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

அதோடு அவர் நிறுத்தவில்லை. கேட்காமலே தபால் ஆபீஸ் கதையைத் திரும்பச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு. சமையலறைத் தொட்டியில் அம்மா விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது எனக்கு எட்டு வயது என்றார்.

1932-இல் பிறந்தவருக்கு எட்டு வயதில் வந்த கிறிஸ்துமஸ் 1940. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் டிசம்பர் 26 வரை, அமெரிக்காவிலிருந்த 14 வயது நிரம்பிய வெளிநாட்டவர் எல்லோரும் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிந்து கைரேகை கொடுக்க வேண்டும் என்று சட்டம். சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்க யாரும் பத்து விரலையும் மையில் தோய்ப்பதில்லை. ஏழு மாதமாக என் கோப்பின் முதல் தாளில் இருந்த வரி அது.

90 நாள்

அன்று மாலையே தாத்தாவின் மனுவைத் திறந்தேன். உறையில் இருந்தது முதல் பக்கம் மட்டும் என்று சொன்னேனே, இணையத்தில் அதன் பின்பக்கம் அடுத்த படமாக இருந்தது. அம்புக்குறியை ஒரு முறை அழுத்தியிருந்தால் போதும். உறுதிமொழியும் நீதிமன்ற ஆணையும் அங்கேதான் இருந்தன: 1923 ஜனவரி 16. கேபிள் சட்டத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட நான்கு மாதம்.

வெட்கத்தைக் கூட்டும் விஷயம் ஒன்று உண்டு. பின்பக்கத்தைப் பார்க்காமலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். 1906 குடியுரிமைச் சட்டப்படி மனு போட்டு 90 நாள் கழியாமல் இறுதி விசாரணை கிடையாது. ஜூலை 11-இலிருந்து எண்ணினால் அக்டோபர் 9. பொதுத் தேர்தலுக்கு முந்தைய 30 நாளில் யாருக்கும் குடியுரிமை தரக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, ஓட்டுக்காக ஆள் சேர்ப்பதைத் தடுக்க. அந்த ஆண்டுத் தேர்தல் நவம்பர் 7. ஆக, ஜூலை 11-இல் மனு போட்ட எவரும் நவம்பருக்கு முன் குடிமகன் ஆகியிருக்கவே முடியாது. விதி எனக்குத் தெரியும். தேதியைப் பார்த்ததும் மனம் விதியைத் தேடிப் போகவில்லை.

அப்படியானால் 1925, 1930, 1940 கணக்கெடுப்புகள்? கணக்கெடுப்பாளர் காகிதம் காட்டச் சொல்வதில்லை, வாசலில் நின்று கேட்டதை எழுதுவார். 1940 தாளில் பதில் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி போடுவது வழக்கம். எங்கள் தாளில் அந்தக் குறி தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில். மனைவியும் தன்னோடு குடிமகள் ஆகிவிட்டாள் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம், அவருக்கு மூத்த தலைமுறைக்கு அப்படித்தான் நடந்தது. ஒரே நம்பிக்கையை மூன்று முறை எழுதிவைத்ததை நான் மூன்று சாட்சிகளாக எண்ணிக்கொண்டேன்.

பாட்டியின் சொந்தக் காகிதம்

இனித் தேட வேண்டியது 1940-க்குப் பிறகான ஒரு மனு. இங்கே ஒரு முடிவு நேரத்தை மிச்சப்படுத்தியது. முதல் காகிதத்தைத் தேட வேண்டாம் என்று தீர்மானித்தோம். குடிமகனின் மனைவியாக மனுச் செய்யும் பெண்ணுக்குக் கேபிள் சட்டம் முதல் காகிதத்திலிருந்து விலக்கு அளித்தது, ஐந்து ஆண்டுக் குடியிருப்புக்குப் பதில் ஓராண்டு போதும் என்றது. 1940 தேசியச் சட்டத்திலும் பாட்டியைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை தொடர்ந்தது. முதல் காகிதம் இல்லை என்பதால் மனுவே இல்லை என்று முடிவுகட்டிக் கைவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

புரூக்ளினிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றத்தின் பெயர்ப்பட்டியல் அட்டைகளில் தேடினோம். கிடைக்கவில்லை. அங்கே அட்டைகள் சவுண்டெக்ஸ் முறையில் அடுக்கப்பட்டவை, பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை ஒலிக்கேற்ப எண்ணாக்கும் முறை. எழுத்துப்பிழைகளை அது மன்னிக்கும், முதல் எழுத்து மாறினால் மன்னிக்காது. அயர்லாந்துப் பெயர்களுக்கு முன்னால் வரும் 'ஓ' இங்கேதான் காலை வாரும். எடுத்துக்காட்டுக்கு, ஓ'மாலி என்றால் ஓ540, மாலி என்றால் எம்400. இரண்டும் வேறு வேறு இழுப்பறை. தாத்தா 'ஓ' சேர்த்து எழுதினார். பாட்டி அதே குடும்பப் பெயரை 'ஓ' இல்லாமல் எழுதியிருந்தார். இரண்டாவது தேடலில் அட்டை கிடைத்தது.

மனு 1942 பிப்ரவரி, உறுதிமொழி 1942 ஜூன். மணத்துக்கு முந்தைய பெயர், வந்த கப்பல், தேதி எல்லாம் அதில் இருந்தன. 1912 மே, குவீன்ஸ்டவுன் துறைமுகம், இன்று அதன் பெயர் கோவ். நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பெண், ஓரத்தில் 1941 குறிப்பு இருந்தவள், அவளேதான். வருகைச் சான்றிதழின் எண்ணும் பட்டியலின் ஓரக் குறிப்பும் இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தின. ஒரே பெயருள்ள மூன்று பெண்களில் ஒருத்தியைத் தனியே எடுக்க இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அப்புறம் கூட்டாட்சிக் குடியுரிமைத் துறையின் வம்சாவளிப் பிரிவுக்கு எழுதினோம். 1906 செப்டம்பர் 27 முதல் 1956 வரையிலான குடியுரிமைச் சான்றிதழ்களின் கோப்பு அங்கே சி-ஃபைல் என்ற பெயரில் இருக்கிறது. 1940 வெளிநாட்டவர் பதிவுப் படிவமான ஏஆர்-2 தனி. இரண்டையும் கேட்பதா, ஒன்று போதுமா என்று யோசித்தோம், கட்டணம் தனித்தனி. இரண்டையும் கேட்கச் சொன்னேன். 1929 முதல் குடியுரிமைக் காகிதங்களில் புகைப்படம் கட்டாயம், ஆனால் நீதிமன்றக் கோப்பில் அது ஒட்டப்படுவது முதல் காகிதத்தில்தான். பாட்டிக்கு முதல் காகிதமே கிடையாது. ஆகவே அவர் முகம் இருக்கக்கூடிய ஒரே இடம் சி-ஃபைலில் உள்ள சான்றிதழ் நகல்.

பல மாதம் கழித்து வந்தது. ஏஆர்-2-இல் தேதி 1940 டிசம்பர் 23, கெடு முடிய மூன்றே நாள். சி-ஃபைலில் புகைப்படம் இருந்தது. தொப்பி வைத்திருக்கிறார், சிரிக்கவில்லை. நாற்பதுகளில் பாட்டி எப்படி இருந்தார் என்று குடும்பத்தில் யாரிடமும் படம் இல்லாமல் இருந்ததாம்.

மேயோவில்

சரியான பட்டியல் வரியில் அப்பாவின் பெயரும் டவுன்லேண்ட் பெயரும் இருந்தன. டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தில் பங்கையும்விடச் சிறிய நில அலகு, சில வீடுகள் மட்டும் இருக்கும். இது தெரிந்த பிறகு மீதி வேகமாக நடந்தது. 1901, 1911 கணக்கெடுப்புகள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இலவசம். 1901-இல் எட்டு வயதுப் பெண்ணாகப் பாட்டி, கூடவே அத்தை சொன்ன மூன்று மாமாக்களும்.

பிறப்புப் பதிவு 1893 பிப்ரவரி 3 என்றது. கவுண்டியின் வம்சாவளி மையத்தில் வாங்கிய ஞானஸ்நானக் குறிப்போ 1893 ஜனவரி 12. பிறப்பதற்கு மூன்று வாரம் முன் ஞானஸ்நானம்! கோயில் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும். அரசுப் பதிவுக்குக் கெடு இருந்தது, தாண்டினால் அபராதம். தாமதமாகப் போன அப்பாக்கள் குழந்தையைச் சில வாரம் இளமையாக்கிவிடுவார்கள். தேசிய நூலகம் இலவசமாக வலையேற்றியிருக்கும் கத்தோலிக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் 1880-ஓடு நின்றுவிடுவதால்தான் மையத்திடம் போக வேண்டியிருந்தது.

ஆக, 1895 பாட்டியே வெட்டிக்கொண்ட இரண்டு ஆண்டு. கப்பலில் வயது 19, சரியானது. 1919 திருமணத்தில் 24. தாத்தா பிறந்தது 1894. மாப்பிள்ளையைவிடப் பெண் மூத்தவள் என்று இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார் என்பது அத்தையின் தீர்ப்பு. எனக்கும் அதுவே தோன்றுகிறது.

பதிவு

2023-இல் விண்ணப்பம் போயிற்று: பாட்டியின் பிறப்பு, திருமணம், இறப்பு, ஆசிரியையின் அப்பாவுக்கு உரியவை, ஆசிரியைக்கு உரியவை, எல்லாம் அசல். பிரிஜிட் எப்படி டீலியா ஆனார், 1893 எப்படி 1895 ஆயிற்று என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதி, 1912 பட்டியலையும் 1942 மனுவையும் சேர்த்து வைத்தோம். குடியுரிமை மனு அயர்லாந்துக்குத் தேவையில்லாத காகிதம். ஆனால் மேயோவின் பிரிஜிட்டையும் புரூக்ளினின் டீலியாவையும் ஒரே ஆள் என்று காட்டும் ஆவணம் அதைவிட வேறில்லை. மணத்துக்கு முந்தைய பெயர், கப்பல், கணவன், பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில், பாட்டியின் சத்தியத்தின் மேல். முதல் நாள் பிரித்துவைத்த இரண்டு கேள்விகளும் இங்கே மறுபடி சேர்ந்துகொண்டன. நடுவில் ஒரு கடிதம் வந்தது, பதில் போட்டோம். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு பதிவாயிற்று.

பாட்டியின் நிலை பிள்ளைகளைப் பாதிக்கவில்லை. அவர்கள் அமெரிக்க மண்ணில் பிறந்ததாலேயே குடிமக்கள். 1923-க்கும் 1942-க்கும் இடையில் பாட்டி ஓட்டுப் போட்டாரா என்று ஆசிரியையின் தம்பி கேட்டார். போட்டிருந்தால் அது தவறான ஓட்டு. தேட வேண்டாம் என்று ஆசிரியை சொன்னார். தேடவில்லை.

அடுத்த முறை

பல பக்கமுள்ள ஆவணத்தின் ஒரு பக்கத்தை யாராவது அச்செடுத்துக் கொண்டுவந்தால், அதை ஏற்கும் முன் முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் இப்போது நானே திறந்து பார்க்கிறேன். மனுத் தேதியையும் உறுதிமொழித் தேதியையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுகிறேன். 1922-ஐ ஒட்டிய மனு என்றால் 90 நாளையும் தேர்தலையும் எண்ணிப் பார்க்காமல் மனைவியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கணக்கெடுப்புகளை இனிமேல் எத்தனை என்று எண்ணமாட்டேன், யார் சொன்னது என்று பார்ப்பேன். முரணாக ஒரு சான்று வந்தால் அதை ஒதுக்கும் முன் என் முடிவை ஒரு முறை சந்தேகிக்க வேண்டும். 1941 குறிப்பு கையில் கிடைத்தபோது செய்யாதது அது. வீட்டுப் பெரியவர் சொன்னதில் விளங்காத வரி இருந்தால், அதற்குக் குடும்பம் தரும் விளக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆண்டையும் இடத்தையும் செயலையும் மட்டும் எழுதிக்கொள்கிறேன்: 1940 டிசம்பர், தபால் நிலையம், விரலில் மை. இப்படி எழுதியிருந்தால் முதல் வாரமே பிடிபட்டிருக்கும். பிறப்புச் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் சகோதரர்கள் பெயரைச் சரிபார்ப்பதும் இப்போது பட்டியலில் இருக்கிறது.

20 யூரோ கொடுத்து வாங்கிய அந்தத் தவறான சான்றிதழை ஆசிரியை என்னிடமே விட்டுவிட்டார். மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த இன்னொரு பிரிஜிட்டைத் தேடிக்கொண்டு இதுவரை யாரும் வரவில்லை.